துணிவுக்கு முந்திய பழக்கம்: சிபில் கார்த்திகேசுவும் கிறித்தவ அன்பும்

1943 டிசம்பர் இறுதியில், ஜப்பானியர் பிடியிலிருந்த மலாயாவில், பேராக்கின் பீடோர் மலைக்காட்டில், பிளாந்தான் முகாமில் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. ஒருபுறம் பிரிட்டனின் 136ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஜான் டேவிஸ், லிம் போ செங் முதலியோர். மறுபுறம் மலாயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்புப் படைக்காக லாய் தெக், சின் பெங். ஆயுதமும் பணமும் தருவதாகப் பிரிட்டன் ஒப்புக்கொண்டது. வானொலித் தொடர்பு அமையாததால் 1945 தொடக்கம்வரை உருப்படியாக எதுவும் வந்து சேரவில்லை. இந்த உடன்பாட்டுக்கு ஏறக்குறைய நான்கு மாதம் முன்பே, அதே எதிர்ப்புப் படையின் காயம்பட்டவர்களுக்கு மருந்திட்ட குற்றத்துக்காக ஒரு மருத்துவச்சியை ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போயிருந்தனர்.

அந்த மருத்துவச்சி சிபில் கார்த்திகேசு, யூரேசியக் கத்தோலிக்கர். கணவர் டாக்டர் கார்த்திகேசு யாழ்ப்பாண வழித் தமிழர். மணத்துக்காக மதம் மாறியவர். இருவரும் ஈப்போ பிரூஸ்டர் சாலையில் கிளினிக் நடத்தினர். ஈப்போ வீழ்வதற்குச் சில நாள் முன் ஈயச் சுரங்க ஊரான பாப்பானுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே பிரதான சாலை 74ஆம் எண் வீட்டில், பகலில் ஊர்மக்களுக்கும் இரவில் பின்வாசல் வழி வந்த கொரில்லாக்களுக்கும் சிபில் மருத்துவம் பார்த்தார். பின்னர் ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பெய்தாயின் சித்திரவதை, ஆயுள் சிறை, விடுதலைக்குப்பின் ஜார்ஜ் பதக்கம், 1948 ஜூனில் பிரிட்டனில் மரணம். நினைவுக் கூட்டங்களில் இவற்றில் சித்திரவதையே முன்னால் நிற்கிறது. தேவாலயப் பேச்சுகளில் அது இரத்தசாட்சியத்தின் சாயலையும் பெற்றுவிடுகிறது. இந்த வாசிப்பு தலைகீழானது என்பதே என் வாதம். பாப்பானின் துணிவை விளக்க வேண்டுமானால், அன்றாடப் பழக்கம் உருவான பிரூஸ்டர் சாலைக்குத்தான் போக வேண்டும்.

நல்ல சமாரியர் உவமையை லூக்கா சொல்லும் விதத்தைப் பாருங்கள். அந்த மனிதர் இரங்கினார் என்பதோடு கதை நிற்கவில்லை. காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்க்கிறார், கட்டுகிறார், தம் விலங்கில் ஏற்றுகிறார், சத்திரக்காரரிடம் பணம் கொடுக்கிறார், மேற்செலவுக்கும் பொறுப்பேற்கிறார். எண்ணெயும் மதுவும் பயணப் பையில் முன்னமே இருந்தவை. வழியில் அடிபட்டவரைக் கண்டபின் யாரும் அவற்றை வாங்கி வர முடியாது. சிபிலின் பையில் இருந்தது முக்கியமாகக் கன்டனீஸ் மொழி. பிரசவத்துக்கு வந்த சீனத் தாய்மாரோடு அவர் அதைச் சரளமாகப் பேசினார். வலியில் கிடப்பவளிடம் அவள் பேச்சிலேயே பேசுவது எந்த விருதுக்கும் உரியதல்ல. ஆண்டுக்கணக்கான பொறுமை மட்டும் வேண்டும். பிற்பாடு காட்டிலிருந்த சீன இளைஞர்கள் அந்த வீட்டுப் பின்கதவைத் தட்டத் துணிந்ததற்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

இதே எண்ணத்தைக் குறளின் வைப்பிலும் காணலாம். அங்கே அன்புடைமை இல்லறவியலில் இருக்கிறது, அருளுடைமையோ துறவறவியலில். அடுப்பும் விருந்தும் பிள்ளையும் உள்ள இடத்தில்தான் அன்பு பயிற்சி பெறுகிறது என்னும் அந்த வைப்புமுறை, அன்பை நற்பழக்கமாகப் பேசும் கிறித்தவ அறவியலுக்கு அந்நியமல்ல.

எதிர்வாதம் ஒன்று உண்டு. சிபிலைப்பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி 1954இல் வெளியான அவருடைய நினைவுக்குறிப்பிலிருந்து வருகிறது. அதைப் போருக்குப்பின், நோயுற்ற நிலையில், பிரிட்டிஷ் வாசகருக்காகச் சொன்னார். தன் கதையில் தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ளாதவர் யார்? ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொழி, வீட்டின் அமைப்பு, நோயாளிகளின் வரத்து போன்றவை தற்புகழ்ச்சிக்கு அதிகம் உதவாத விவரங்கள். எனக்கு அவையே வலுவான சான்றுகள்.

இதைவிடக் கடினமானது சிபிலின் மகள் டானின் விஷயம். விசாரணை அதிகாரி யோஷிமுரா சிபிலின் கண்முன்னே சிறுமி டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டவைத்தான். தாய் பெயர்களைச் சொல்லவில்லை. வேறொரு ஜப்பானிய அதிகாரி குறுக்கிட்டதால் குழந்தை பிழைத்தது. அன்புக்கு ஒரு வரிசை உண்டு, நெருங்கியவர்க்கு முதலிடம் என்கிறார் தாமஸ் அக்குவினாஸ். பொதுநலனை மேலே வைக்கும் இடமும் அவரிடம் உண்டு. ஆனால் சொந்தப் பிள்ளையை அந்தத் தராசில் ஏற்றலாமா? அன்றாடப் பழக்கம் என்னும் என் விளக்கம் இங்கே பாதிதான் செல்லும். பேசினால் பாப்பான் ஊரே அழியும் என்பதைச் சிபில் கணக்கிட்டிருக்கலாம். நோயாளியைக் காட்டிக்கொடுக்காத மருத்துவச்சியின் நெடுநாள் வழக்கம் அவர் வாயைக் கட்டியிருக்கலாம். இரண்டாவதே உண்மையானால், நற்பண்பு சில வேளை பெற்ற பிள்ளையையும் பணயம் கேட்கும் என்றாகிறது. இதை வீரமென்று வாழ்த்திவிட்டு நகரும் இறையியலை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த அன்றாடப் பழக்கம் சிபிலுக்கு மட்டும் உரியதா என்று அறிய அவர் நூலுக்கு வெளியேயும் தேட வேண்டும். பேராக் தோட்டங்களில் 'ஜப்பான்காரன் காலம்' பற்றிய வாய்மொழிப் பதிவுகள் பெரும்பாலும் சயாம் ரயில் பாதையையும் மரவள்ளிக் கிழங்கையும் சுற்றியே அமைகின்றன. லயத்தில் காய்ச்சலாளிக்குக் கஞ்சி வைத்தது யார், சயாமுக்குப் போனவன் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது யார், தோட்டத்து டிரெஸ்ஸர் யாருக்கு மருந்தை ஒளித்துக் கொடுத்தார் என்ற கேள்விகளும் கேட்கப்பட வேண்டும். பீடோர் வட்டாரத்தில் அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இன்று தொண்ணூறை நெருங்கியோ கடந்தோ இருப்பார்கள். ஆலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளோடு அவர்களின் பேச்சையும் ஒப்பிட்டால்தான், சிபில் தனி விதிவிலக்கா, அல்லது எழுதத் தெரிந்ததால் மட்டும் நமக்குத் தெரிந்தவரா என்று சொல்ல முடியும்.