சேத்துப்பட்டு எங்கே இருக்கிறது, தாத்தா?

போன ஜூலையில் என் பேத்தி டென்மார்க்கில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மூன்று வாரக் கோடைகால வகுப்புக்குப் போயிருந்தாள். உலக அளவிலான சுகாதாரச் சவால்களைப் பற்றிய படிப்பு. பல தேசத்துப் பிள்ளைகள். இரண்டாம் நாள் ராத்திரி போன் வந்தது. "தாத்தா, சேத்துப்பட்டு எங்க இருக்கு? இன்னிக்கு க்ளாஸ்ல மெட்ராஸ் ஸ்டடின்னு ஒண்ணு நடத்தினாங்க. எல்லாரும் என்னையே திரும்பிப் பாக்கறாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல."

அவள் பிறந்து வளர்ந்தது பூனாவில். தெரியாதது அவள் குற்றமில்லை. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எழும்பூர் பக்கம் ஸ்பர் டேங்க் ரோடில் ஆயிரம் தடவை போயிருப்போம். அங்கே இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தின் வாசலைத் தாண்டியும் போயிருப்போம். அவளுக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

இந்த மாதிரிப் படிப்புகளின் பூர்வீகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1898ல் லிவர்பூலிலும் 1899ல் லண்டனிலும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிகள் தொடங்கின. லண்டன் பள்ளியைத் தொடங்கியவர் பாட்ரிக் மான்சன், பிரிட்டிஷ் காலனி இலாகாவின் மருத்துவ ஆலோசகர். ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் கப்பலேறும் டாக்டர்களுக்கு அந்த ஊர் வியாதிகளைச் சில மாதங்களில் கற்றுக்கொடுத்து அனுப்புவது நோக்கம். அதிகாரியும் வியாபாரியும் சிப்பாயும் மலேரியாவில் சாகாமல் இருந்தால்தான் சாம்ராஜ்யம் நடக்கும். 1897ல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்ட் ராஸ், லிவர்பூல் பள்ளியில் ஆசிரியரானார். ஆக, அந்தக் காலத்தில் வியாதி நம்முடையது, பாடம் அவர்களுடையது. நம் ஊரிலிருந்தே ஒரு பாடம் அங்கே போனது என்பதுதான் நான் சொல்லவந்த கதை.

அதற்கு முன் எங்கள் வீட்டுக் கதை ஒன்று. 1954ல் எனக்கு ஆறு வயது. அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, பிரசவத்துக்குப் பிறகு இருமிக்கொண்டே இருந்தாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். டி.பி. என்றார்கள். அந்த வார்த்தையை வீட்டில் யாரும் உரக்கச் சொல்லமாட்டார்கள். அத்தையின் தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியாகிவிட்டன. பத்து மாதக் குழந்தையைப் பாட்டி வாங்கிக்கொண்டாள். அத்தையை ஒரு சானடோரியத்தில் சேர்த்தார்கள். பதினாலு மாதம் அங்கே இருந்தாள். குழந்தைகளைக் கூட்டிப்போகக் கூடாது என்பதால் நான் பார்த்ததில்லை. திரும்பி வந்த அன்று குழந்தை அவளைப் பார்த்து பயந்து பாட்டியின் புடவைக்குள் ஒளிந்துகொண்டது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அத்தை சிரித்தாள். பிறகு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அன்றைக்கு அதுதான் வைத்தியம். நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, வெண்ணெய், மாதக்கணக்கில் படுக்கை. ஜெர்மனியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆரம்பித்த பழக்கம் உலகம் முழுக்கப் பரவியிருந்தது. நம் பக்கத்தில் டாக்டர் சௌரிமுத்து 1928ல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் எல்லோருக்கும் தெரியும். ரயில்வே ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர்தானே! ஸ்ட்ரெப்டோமைசின், பி.ஏ.எஸ்., 1952ல் ஐசோனியாசிட் என்று மருந்துகள் வரிசையாக வந்த பிறகும், படுக்கை வேண்டும், தனிமை வேண்டும் என்ற நம்பிக்கை மாறவில்லை.

கஷ்டம் என்னவென்றால், நம் நாட்டில் படுக்கைகள் ஆயிரக்கணக்கில், நோயாளிகள் பல லட்சக்கணக்கில். இடம் கிடைக்காதவர்கள் என்ன ஆவார்கள்? வீட்டிலேயே மருந்து கொடுத்தால் குணமாகுமா? கூட இருக்கும் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடாதா? இதைச் சோதித்துப் பார்க்கத்தான் 1956ல் சேத்துப்பட்டில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. தலைமைக்கு வந்தவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ்.

சென்னையின் ஏழை ஜனங்களிலிருந்து, சளியில் கிருமி உள்ளவர்களாக, இருநூறுக்குச் சற்றுக் குறைவானவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். யார் சானடோரியத்துக்கு, யார் வீட்டுக்கு என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பிரித்தார்கள். வசதியானவனை ஒரு பக்கமும் இல்லாதவனை ஒரு பக்கமும் போட்டுவிட்டால் கணக்கு தப்பாகிவிடும் அல்லவா? இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்ஸும், ஒரு வருஷம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் உண்டு. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான வீடுகளில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, நடமாடிக்கொண்டு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டு இருந்தார்கள்.

1959ல் முடிவு வெளியானது. ஒரு வருஷ முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. கூரை வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் இவ்வளவுதான் வித்தியாசம் என்று யாரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். அதைவிட முக்கியம், நோயாளியின் வீட்டாரையும் ஐந்து வருஷம் தொடர்ந்து பரிசோதித்தார்கள். வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் அவர்களுக்குப் பெரிதாகக் கூடுதல் ஆபத்து வரவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் வைத்தியம் ஆரம்பிக்கும் முன்பே தொற்றியிருந்தது.

இதைச் சொன்னபோது பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ அத்தைப் பாட்டி போயிருக்கவே வேண்டாமா, தாத்தா?" என்றாள். ஐந்து வருஷம் கழித்து வியாதி வந்திருந்தால் ஒருவேளை போயிருக்கமாட்டாள். அன்றைக்கு அனுப்பியவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றேன்.

சேத்துப்பட்டில் கற்ற இன்னொரு பாடமும் உண்டு. கொஞ்சம் உடம்பு தேறினதும் மருந்தை நிறுத்திவிடுவது மனுஷ சுபாவம். அதிலும் பி.ஏ.எஸ். என்றால் தினமும் கைநிறைய விழுங்க வேண்டும், குமட்டும். அதனால் ஹெல்த் விசிட்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைப் பரிசோதித்துச் சாப்பிட்டார்களா என்று பார்த்தார்கள். நல்லவர், பொறுப்பானவர் என்று நினைத்தவர்கள்கூட விட்டுவிடுகிறார்கள் என்று தெரிந்தது. கொடுத்தனுப்பிவிட்டு நம்பியிருப்பதைவிட, வாரம் இரண்டு முறை வரவழைத்து எதிரிலேயே மருந்து கொடுத்தால் என்ன என்று அடுத்த ஆய்வு நடந்தது. அதுவும் பலித்தது. கண்முன் மருந்து கொடுக்கும் இந்த முறையைத்தான் 1990களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரத்தில் டி.பி. மறுபடி தலைதூக்கியபோது அங்கே பெரிய அளவில் கையாண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 1993ல் காசநோயை உலக நெருக்கடி என்று அறிவித்த பின் 'டாட்ஸ்' என்ற பெயரில் பல நாடுகளுக்கு எடுத்துப்போனதிலும் இது ஒரு முக்கிய அங்கம். இன்றைக்கு வெளிநாட்டு வகுப்பில் மெட்ராஸ் பெயர் சொல்லப்படுவதற்குக் காரணம் இதுதான்.

பெருமையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இந்த ஆய்வை நாம் பாதிதான் படித்தோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நல்ல சாப்பாடு இல்லாமலும் மருந்தால் குணமாகும் என்பது சேத்துப்பட்டின் முடிவு. அது உண்மை. அதையே சாக்காக வைத்து, நோயாளியின் வீட்டில் அடுப்பெரிகிறதா என்பதை வெகுகாலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2023ல் வெளியாயின. நம் சென்னை நிலையத்துக்கும் அதில் பங்கு உண்டு. நோயாளிகளின் குடும்பத்தார் ஏறத்தாழ 10,000 பேர். ஒரு பகுதியினருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு முதலானவையும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. வந்த வியாதியை மருந்து குணமாக்கும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு வராமல் காக்கச் சோறும் வேண்டும். உலகத்துக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இன்றும் நம் நாட்டில் இருக்கிறார் என்பதை நினைத்தால், இந்த இரண்டாவது பாதியையும் படித்தாக வேண்டும்.

மூன்றாம் வாரக் கடைசியில் ஒவ்வொருவரும் பத்து நிமிஷம் பேச வேண்டுமாம். பேத்தி அத்தைப் பாட்டியைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டாள். பேர் சொல்ல வேண்டாம், குழந்தை ஒளிந்துகொண்டதைச் சொல் என்றேன். பேசி முடித்ததும் கென்யாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் அவளிடம் வந்து, எங்கள் வீட்டிலும் தனித் தட்டு இருந்தது என்று சொன்னாளாம்.

அத்தை எழுபத்தெட்டு வயது வரை இருந்தாள். புடவைக்குள் ஒளிந்த அந்தக் குழந்தைதான் கடைசிவரை அவளைப் பார்த்துக்கொண்டது. ஆனாலும் அத்தை தன் டம்ளரைத் தனியாகத்தான் கடைசிவரை வைத்திருந்தாள். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை.