பின்சக்கரத்தை மண்ணில் நிறுத்தியவை

ட்ரையல்ஸ் போட்டியில் வேகத்திற்கு மதிப்பில்லை. பாறையிலும் சேற்றிலும் ஓடைப்படுகையிலும் காலூன்றாமல் வண்டியைச் செலுத்த வேண்டும். கால் தரையில் பட்டால் தண்டப்புள்ளி. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னும் இங்கிலாந்து வீரர்கள் பலர், ஷாக் அப்சார்பர் இல்லாத விறைப்பான பின்சட்டமே மண்ணை நன்கு பற்றும் என்று நம்பினர்.

அந்நம்பிக்கையை அசைத்தது நாம் நன்கறிந்த வண்டிதான். ரெட்டிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனம், ஸ்விங் ஆர்மும் இரு ஷாக் அப்சார்பர்களும் பொருத்திய புல்லட்டை 1948-இல் கோல்மோர் கோப்பை ட்ரையலில் களமிறக்கியது. 1952-இல் ஜானி பிரிட்டன் 350 சிசி புல்லட்டில் ஸ்காட்லாந்தின் ஆறுநாள் ட்ரையலை வென்றார். 1955-இல் சென்னைக்கு வந்த புல்லட்டும் இவ்வழி வந்ததே.

இதில் சுருளின் பங்கு பாதிதான். அழுந்திய சுருள் துள்ளி விரியும். சிறு துளைகளின் வழியே நெருக்கிச் செல்லும் எண்ணெய் அத்துள்ளலை அடக்கும். நாட்பட்ட ஆயில் சீல் இறுகி எண்ணெய் கசிந்துவிட்டால், சக்கரம் கல்லுக்குக் கல் குதிக்கும், பிடிமானம் போய்விடும்.

இத்தகைய பழைய வண்டிகளைப் பேணுவோர், ஷாக் அப்சார்பரை மாற்றுவதா, சீர்செய்வதா? பிரிக்கக்கூடிய வகையாயின், உரிய கருவியால் சுருளை அழுத்திக் கழற்றி, சீலையும் எண்ணெயையும் புதுப்பிப்பதே முறை என்போம். தண்டு வளைந்தோ அரித்தோ போயிருந்தால் புதியது வாங்கத்தான் வேண்டும். அப்போது மேல் கீழ்த் துளைகளுக்கு இடைப்பட்ட நீளத்தைப் பழையதோடு ஒப்பிட்டு அளந்துகொள்க. நீளம் மிகுந்தால் பின்புறம் உயரும்; முன் ஃபோர்க்கின் சாய்வு மாறும். தோற்றம் பழையதாகவே இருந்தாலும், பிரிட்டன் ஓட்டிய வண்டியின் நடை அதில் இராது.