எஸ்எம்டி மின்தேக்கி: குற்றாலச் சாரலில் சிறிய ஒலிப் பலகைகள்

எஸ்எம்டி மின்தேக்கி என்பது கம்பிக் கால்கள் இல்லாமல், சுற்றுப் பலகையின் மேற்பரப்பிலேயே ஈயம் வைத்துப் பொருத்தப்படும் மின்தேக்கி. ரேடியோ பழுதுபார்க்கும் கடைகளில் கண்டென்சர் என்றே கேட்டு வாங்குகிறார்கள். புளூடூத் ஸ்பீக்கர், காது கேட்கும் கருவி, கோயில் மைக் செட்டின் முன்பெருக்கி என ஒலியைக் கையாளும் சிறிய பலகைகளில் மின்தடைக்கு இணையான எண்ணிக்கையில் இருப்பது இது. கடுகளவே உள்ள இந்தப் பாகத்தைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பிழை, பாட்டில் அடிநாதம் குறைவதாகவும், பேச்சில் கரகரப்பாகவும், மழைக்காலத்தில் மட்டும் தலைகாட்டும் இரைச்சலாகவும் வெளிப்படுகிறது.

மழைக்காலம் என்றால் தென்காசி வட்டாரத்தில் அது வருடத்துக்கு இரண்டு முறை. செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் தாழ்ந்து விட்டுக்கொடுக்கும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே நுழைகிறது. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் வெயிலும் தூறலும் மாறி மாறி வரும் சாரல் இதன் விளைவு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இன்னொரு முறை நனைக்கிறது. தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் ஐப்பசித் திருக்கல்யாணம் அந்த ஈரத்தில்தான் நடக்கிறது. இங்கே திறந்தவெளியில் வைக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் ஈரமும் காற்றும் அதிர்வும் சேர்ந்தே புகுகின்றன. அருவிக்கரையில் ஒலிபெருக்கி வெறும் பொழுதுபோக்குக் கருவியும் அல்ல. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது, அவர் உயிரிழந்தார். தண்ணீர் ஏறும்போது கூட்டத்துக்குச் சொல்லும் ஒரு வரி அறிவிப்பு தெளிவாகக் கேட்க வேண்டும்.

ஒலிச் சுற்றில் மின்தேக்கிக்கு மூன்று வேலைகள். முதலாவது கப்ளிங்: நேர்மின்சாரத்தைத் தடுத்து, ஒலிச் சைகையை மட்டும் அடுத்த கட்டத்துக்கு விடுவது. இரண்டாவது பைபாஸ்: சிப்புக்கு வரும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அங்கேயே சமன் செய்வது. மூன்றாவது, மின்தடையோடு சேர்ந்து வேண்டாத அதிர்வெண்களை வெட்டுவது. பைபாஸ் இடத்தில் மிக நன்றாக உழைக்கும் மின்தேக்கியே கப்ளிங் இடத்தில் ஒலியைக் கெடுக்கக்கூடும். ஆகவே எத்தனை மைக்ரோஃபாரட் என்ற கேள்விக்கு முன்னால், எந்த இடத்தில் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பீங்கானின் இரண்டு வகுப்புகள்

சிறிய பலகைகளில் பெரும்பான்மை பல அடுக்குப் பீங்கான் மின்தேக்கிகளே. இவற்றில் முதல் வகுப்பைச் சேர்ந்தது சி0ஜி. என்பி0 என்றும் சொல்வார்கள். ஒரு டிகிரி செல்சியஸ் மாற்றத்துக்கு இதன் மதிப்பு பத்து லட்சத்தில் 30 பங்குக்கு மேல் நகராது. மின்னழுத்தம் ஏறினாலும் மதிப்பு மாறாது, தட்டினாலும் சத்தம் வராது. ஒலி செல்லும் பாதைக்கு இதைவிட நல்ல பீங்கான் இல்லை. ஒரே இடர்ப்பாடு அளவுதான்: 100 நானோஃபாரட் வேண்டுமென்றால் வழக்கமாக 3.2 மில்லிமீட்டர் நீளமுள்ள, 1206 என்ற அளவு எண் கொண்ட உடலுக்குப் போக வேண்டும்.

இரண்டாம் வகுப்பின் மூலப்பொருள் பேரியம் டைட்டனேட். இதன் மின்காப்பு மாறிலி மிக அதிகம் என்பதால், 1.0 மில்லிமீட்டர் நீளமும் 0.5 மில்லிமீட்டர் அகலமும் உள்ள 0402 உடலுக்குள் 10 மைக்ரோஃபாரட்டை அடைத்துவிட முடிகிறது. எக்ஸ்7ஆர் என்ற குறியீடு, மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை மதிப்பு 15 சதவீதத்துக்கு மேல் கூடாது, குறையாது என்று சொல்கிறது. எக்ஸ்5ஆரில் மேல் எல்லை 85 டிகிரி. ஒய்5வி என்றால் மைனஸ் 30 முதல் 85 டிகிரிக்குள் மதிப்பு 82 சதவீதம் வரை விழலாம். ஒலிப் பலகையில் அதற்கு இடமே கொடுக்கக் கூடாது.

குறியீடு பேசுவது வெப்பத்தைப் பற்றி மட்டுமே. நேர்மின்னழுத்தம் ஏறும்போது இரண்டாம் வகுப்புப் பீங்கானின் மதிப்பு சரிவதைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை. 10 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் என்று வாங்கிய 0402 எக்ஸ்5ஆரை 5 வோல்ட் இணைப்பில் வைத்தால், மிச்சம் பாதிக்கும் கீழே போவது சாதாரணம். பலகை வரைபடத்தில் 10 என்று எழுதியிருக்கும். சுற்றில் உண்மையாக வேலை செய்வது மூன்றோ நான்கோ. தயாரிப்பாளர்கள் தரும் மின்னழுத்த வரைகோட்டைப் பார்க்காமல் மதிப்பை நம்புவது வீண். அதே 10 மைக்ரோஃபாரட்டை 0805 அல்லது 1206 உடலில், 16 அல்லது 25 வோல்ட் தரத்தில் எடுத்தால் சரிவு வெகுவாகக் குறைகிறது. போதாததற்கு இந்தப் பீங்கான் வயதாகவும் செய்கிறது: எக்ஸ்7ஆர், நேரம் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஓரிரு சதவீதம் மதிப்பை இழக்கிறது. ஈயம் வைக்கும் சூடு பட்டதும் பழைய மதிப்புக்குத் திரும்பி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

ஒலிக்காரருக்கு இன்னும் பெரிய தொல்லை ஒன்று உண்டு. பேரியம் டைட்டனேட் அழுத்தினால் மின்சாரம் தரும். மின்சாரம் கொடுத்தால் நெளியும். மைக் முன்பெருக்கியின் முதல் கட்டத்தில், 100 மடங்கு பெருக்கத்துக்கு முன்னால், எக்ஸ்7ஆர் கப்ளிங் வைத்துப் பலகையை ஒரு பிளாஸ்டிக் குச்சியால் தட்டினால் ஸ்பீக்கரில் ‘டொக்’ என்று கேட்கும். மின்தேக்கியே மைக்காகிவிட்டது. ஸ்பீக்கரும் பலகையும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அந்த அதிர்வு திரும்பி வந்து ஒலியோடு கலக்கும். பெருக்கிச் சிப்பின் ரெஃபரன்ஸ் முனைக்கும் தரைக்கும் நடுவே வைக்கும் மின்தேக்கியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அங்கே பிறக்கும் சிறு துடிப்பு நேராக ஒலியில் ஏறுகிறது. பலரும் கோட்டைவிடும் இடம் அதுதான்.

அருவிக்கரை மைக்குக்கு ஒரு கணக்கு

மின்தடையையும் மின்தேக்குதிறனையும் பெருக்கி, அதை 6.28 ஆல் பெருக்கி, கிடைக்கும் எண்ணால் ஒன்றை வகுத்தால் வெட்டு அதிர்வெண் கிடைக்கும். 10 கிலோஓம் உள்ளீட்டுக்கு 1 மைக்ரோஃபாரட் கப்ளிங் என்றால் சுமார் 16 ஹெர்ட்ஸ். இசைக்கு இது பொருந்தும்.

குற்றாலத்தின் ஐந்தருவி பக்கம் நிற்கும் அறிவிப்பு மைக்குக்கு இது பொருந்தாது. கணவாய்க் காற்று மைக்கில் மோதும் ‘பொம்’ சத்தம் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. பேச்சு புரிவதற்கு அந்தப் பகுதி தேவையில்லை. 15 கிலோஓமுடன் 100 நானோஃபாரட் வைத்தால் வெட்டு சுமார் 106 ஹெர்ட்ஸுக்கு ஏறி, காற்றின் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடும். 100 நானோஃபாரட் போதும் என்றானதும் சி0ஜி வாங்கிவிடலாம், தட்டொலியும் நீங்குகிறது. ஆனால் அருவியின் இரைச்சல் எல்லா அதிர்வெண்களிலும் பரவியது. அதை எந்த மின்தேக்கியாலும் வெட்டிவிட முடியாது. மைக்கை வாயருகே கொண்டுவருவது ஒன்றே வழி.

இசைக்கும் சி0ஜி வேண்டும் என்பவர்கள் உள்ளீட்டு மின்தடையை 100 கிலோஓமாக உயர்த்தி 100 நானோஃபாரட்டால் அதே 16 ஹெர்ட்ஸைப் பெறுகிறார்கள். நல்ல உத்தி. என்றாலும் மின்தடை உயர உயர அதன் சொந்த இரைச்சலும் உயர்கிறது. ஈரத்தால் பலகைமேல் கசியும் மின்சாரத்துக்கும் அந்த முனை எளிதில் இரையாகிறது. சாரலில் வைக்கும் கருவிக்கு இந்த உத்தியைப் பயன்படுத்துவோர் பலகையைக் கழுவிப் பூச்சிடுவதைத் தவிர்க்க முடியாது.

எக்ஸ்7ஆரை விட்டால் வழியில்லை என்ற நிலையில், கணக்கு கேட்பதைவிடப் பல மடங்கு பெரிய மதிப்பு வைப்பது உதவும். ஒலி மின்னழுத்தம் மின்தேக்கியின் இரு முனைகளுக்கு இடையே விழும் அளவுக்கே திரிபு பிறக்கிறது. மதிப்பு பெரிதானால் விழுவது குறையும். மின்தேக்கிகள் உண்டாக்கும் திரிபை வால்டர் ஜங்கும் ரிச்சர்ட் மார்ஷும் 1980-இல் அமெரிக்காவின் ‘ஆடியோ’ இதழில் விரிவாக எழுதினார்கள். பின்னர் சிரில் பேட்மன் 2002 முதல் ‘எலெக்ட்ரானிக்ஸ் வேர்ல்ட்’ இதழில் அளந்து காட்டினார். காது சொல்வதை அளவுகோலால் சோதித்த இந்த வேலை இன்றும் பயன்படுகிறது.

பிளாஸ்டிக் படலமும் மின்பகுளியும்

படல மின்தேக்கிகளில் ஒலிக்காரர்களின் செல்லமான பாலிபுரோப்பிலீன், எஸ்எம்டி உலகில் அரிது. அது சுமார் 165 டிகிரியில் உருகிவிடும். பலகை செல்லும் ஈய உலையோ 240 டிகிரியைத் தாண்டும். அதன் இடத்தில் சூடு தாங்கும் பிபிஎஸ் (பாலிஃபீனைலின் சல்ஃபைடு) படலம் வருகிறது. மதிப்பு நிலையானது, ஈரம் உறிஞ்சுவதும் குறைவு. விலையும் உடலளவும் கூடுதல் என்பதால் வடிகட்டிகளில் ஒன்றிரண்டு இடங்களுக்கு மட்டும் ஒதுக்குவது வழக்கம்.

ஹெட்ஃபோனுக்குச் செல்லும் கப்ளிங்குக்குப் பெரிய மதிப்பு தேவை: 32 ஓமுக்கு 220 மைக்ரோஃபாரட் வைத்தும் வெட்டு 23 ஹெர்ட்ஸ் அருகில்தான். அங்கே அலுமினிய மின்பகுளி வகையோ டான்டலமோ வரும். புதிய சிப்புகள் சில, எதிர்மின்னழுத்தத்தைத் தாமே உண்டாக்கி இந்த மின்தேக்கியையே நீக்கிவிடுகின்றன. இடம் நெருக்கடியான பலகையில் அதுவே மேல்.

இவற்றைப் பொருத்தும்போது ஒரு விபத்து அடிக்கடி நேர்கிறது. எஸ்எம்டி டான்டலத்தில் உள்ள பட்டை நேர்முனையைக் காட்டுகிறது. அலுமினியக் குப்பியின் தலையில் உள்ள கறுப்புப் பகுதி எதிர்முனையைக் காட்டுகிறது. பழக்கத்தில் மாற்றி வைத்தால் டான்டலம் எரிந்தே போகும். அதன் மின்னழுத்தத் தரம் பயன்பாட்டு மின்னழுத்தத்தைப் போல் இரு மடங்காவது இருக்க வேண்டும்.

அலுமினிய வகைக்கு எதிரி சூடு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். 65 டிகிரியில் அது 32,000 மணி நேரம், அதாவது இடைவிடாமல் ஓடினால் மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் இருக்கும் பெருக்கிக்கு இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும்.

ஈரமும் விரிசலும்

பீங்கான் உடலுக்குள் ஈரம் எளிதில் நுழையாது. ஈயம் பிடிக்கப் பூசிய ஃப்ளக்ஸ் பலகையில் விட்டுச்சென்ற படிவில்தான் அது குடியேறி, இரு முனைகளுக்கு இடையே மெல்லிய கசிவுப் பாதை போடுகிறது. வெயிலில் சரியாகி, சாரலில் ‘சுர்’ என்று இரையும் மைக் செட்டுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு பாதுகாப்புப் பூச்சு. உலராத பலகைமேல் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுவிடும்.

பாகங்களைச் சேமிப்பதிலும் கவனம் தேவை. பாலிமர் டான்டலங்கள் பெரும்பாலும் ஈர உணர்திறன் மூன்றாம் நிலையைச் சேர்ந்தவை. பை பிரித்த பின் 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்துக்குள் 168 மணி நேரமே அவற்றுக்கு அவகாசம். சாரல் நாளில் குற்றாலத்துக் கடையில் ஈரப்பதம் 60-ஐத் தாண்டிவிடும் என்பதால் அந்த ஏழு நாள் கணக்கு செல்லாது. உலர் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் இல்லாமல் இவற்றைப் பிரித்து வைக்கக் கூடாது.

பலகை வளைந்தால் பீங்கான் விரிசல் விடும். திருகு துளைக்குப் பக்கத்திலும், பலகையை உடைத்துப் பிரிக்கும் விளிம்பிலும் பெரிய 1206 உடல்களை வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. வைத்தே ஆகவேண்டும் என்றால் விளிம்புக்கு இணையாகப் படுக்க வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசல் வழியே ஈரம் ஏறி, பல மாதம் கழித்துக் குறுக்குச்சுற்றாக முடியும்.

வாங்கும் இடத்தில்

சிறிய பீங்கான் மின்தேக்கியின் உடலில் பொதுவாக எந்த எழுத்தும் இல்லை. சுருளிலிருந்து பிரித்துவிட்டால் சி0ஜியையும் எக்ஸ்7ஆரையும் பார்வையால் உறுதியாகப் பிரித்தறிய முடியாது. சென்னை ரிச்சி தெருவில் உதிரியாக வாங்கி வருபவர்கள் வகை, மின்னழுத்தம், தயாரிப்பாளர் மூன்றையும் கவர்மேல் எழுதி வாங்குவது அவசியம். அளவு எண்ணிலும் குழப்பம் உண்டு: அங்குல முறையில் 0603 என்பது 1.6 மில்லிமீட்டர் நீளம். மெட்ரிக் முறையில் அதே 0603 வெறும் 0.6 மில்லிமீட்டர்.

இந்தியச் சந்தையில் பீங்கான் வகை இன்னமும் பெரும்பாலும் ஜப்பான், கொரியா, தைவான், சீனாவிலிருந்து வருகிறது. மலைக்கு அப்பால் கேரளத்தின் கண்ணூரில், அம்மாநில அரசு நிறுவனமான கெல்ட்ரானின் துணைநிறுவனம் 1974 முதல் மின்தேக்கித் தொழிலில் இருக்கிறது. உதிரிபாகங்களை உள்நாட்டிலேயே செய்ய மத்திய அரசு 2025 மார்ச்சில் 22,919 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசும் அதற்கு இணையான தன் திட்டத்தை அறிவித்தது.