பணமும் துரையுடையதே: கொக்கோஸ் தீவும் கிளூனிஸ் ராஸ் குடும்பமும்

வேலை போனால் வீடும் போகும் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி. கூலியாகக் கொடுக்கும் காசையும் துரையே அச்சடித்தால்? சுமத்ராவுக்குத் தென்மேற்கே, இந்தியப் பெருங்கடலில் உள்ள கொக்கோஸ் தீவுகளில் அதுவும் நடந்தது.

ஸ்காட்லாந்துக்காரரான கப்பல் கேப்டன் ஜான் கிளூனிஸ் ராஸ் 1827இல் குடும்பத்தோடு அங்கு குடியேறினார். அலெக்சாண்டர் ஹேர் என்ற ஆங்கிலேயர், தாம் அடிமைகளாக வைத்திருந்த மலாய்க்காரர்கள் பலருடன் முந்தைய ஆண்டே வந்திருந்தார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் ஹேர் வெளியேற, அந்த மக்கள் ராஸிடம் தென்னந்தோட்ட வேலைக்குச் சேர்ந்தனர். 1886இல் விக்டோரியா மகாராணி தீவுகளை அக்குடும்பத்துக்கு நிரந்தரமாக வழங்கினார். அதே ஆண்டு பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரை ஆண்ட நிர்வாகத்தின் கீழ் கொக்கோஸும் வந்தது.

கொப்பரையோடு அவர்கள் நிற்கவில்லை. கிறிஸ்துமஸ் தீவில் பாஸ்பேட் வெட்டியெடுக்க 1897இல் தொடங்கிய கம்பெனியிலும் பங்கு இருந்தது. 'ஆயிஷா' என்ற பாய்க்கப்பலும் அவர்களுடையது. சென்னையிலும் பினாங்கிலும் குண்டு வீசிய எம்டன் 1914 நவம்பர் 9ஆம் தேதி கொக்கோஸ் அருகேதான் வீழ்ந்தது. கரையில் சிக்கிய ஜெர்மானியர்கள் அந்த ஆயிஷாவைக் கைப்பற்றித்தான் தப்பினார்கள்.

தொழிலாளிக்குக் கிடைத்தது கொக்கோஸ் ரூபாய். முதலில் ஆட்டுத்தோல் நோட்டு, பிறகு பிளாஸ்டிக் வில்லை. கம்பெனிக் கடையைத் தாண்டினால் அது செல்லாது. ஊரை விட்டுப் போனவர் திரும்பி வரவும் முடியாது. சேமிப்பு கையில் இருந்தும் கப்பல் டிக்கெட் வாங்க முடியாத நிலை! போருக்குப் பிறகு ஆள் பெருகியதால் பலர் சபாவுக்கு அனுப்பப்பட்டனர். தாவாவில் இன்றும் கம்போங் கோக்கோஸ் இருக்கிறது.

1955இல் தீவுகள் ஆஸ்திரேலியாவிடம் போயின. ஐ.நா. குழு வந்து பார்த்த பிறகு நெருக்குதல் கூடியது. 1978இல் 62 லட்சத்து 50 ஆயிரம் ஆஸ்திரேலிய வெள்ளிக்கு அரசாங்கம் தீவுகளை வாங்கியது. மாளிகை மட்டும் குடும்பத்திடம் இருந்தது. பிறகு நடத்திய கப்பல் தொழில் நொடித்துப்போனது.

நம் தோட்டங்கள் 1950களில் துண்டாடப்பட்டபோது வாங்க அரசாங்கம் வரவில்லை. பாட்டாளிகளின் பணத்தைச் சேர்த்துத் தோட்டம் வாங்க, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கொக்கோஸ் மக்களுக்கோ 1984 ஏப்ரல் 6இல் ஓட்டே கிடைத்தது. 261 பேரில் 229 பேர் ஆஸ்திரேலியாவோடு இணையச் சொன்னார்கள். அவர்கள் குடியிருக்கும் கிராம நிலம் இப்போது அவர்கள் பெயரால் உள்ளூர் மன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது.