பொன்னாலைக் கொலையும் பூட்டிய பேழைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கு ஓரத்திலே, காரைநகருக்குச் செல்லும் கடல்வழித் தெருவின் தலைமாட்டிலே, பொன்னாலை என்னும் ஊர் இருக்கின்றது. அவ்வூரில் எழுந்தருளியிருக்கும் வரதராசப் பெருமாள் கோயில் தொன்மையும் சிறப்பும் வாய்ந்தது. 1975ஆம் ஆண்டு யூலை மாதம் 27ஆம் நாள் அக்கோயிலுக்கு வந்திறங்கிய யாழ்ப்பாண மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா, ஆயுதந் தாங்கிய இளைஞர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

துரையப்பா சட்டத்தரணி. 1960 முதல் 1965 வரை யாழ்ப்பாணத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். நகரத்தின் சாதாரண மக்களோடு நெருங்கிப் பழகியவர் என்று ஒரு சாரார் போற்றினர். ஆளுங்கட்சியின் பக்கம் சேர்ந்து தம் இனத்துக்குத் துரோகம் இழைத்தார் என்று மறு சாரார் தூற்றினர். அவரைக் கொன்றது தாங்களே என்று 1978ஆம் ஆண்டு தமிழீழ விடுதலைப் புலிகள் பகிரங்கமாக அறிவித்தனர். ஆகவே, கொன்றவர் யார் என்ற கேள்விக்கு ஒருவாறு விடை உண்டு. ஆயினும், கொலைக்கு முன் நிகழ்ந்தவை எவை, அம்மனிதர் மீது சுமத்தப்பட்ட பழிகளுள் எது மெய், எது பொய் என்ற கேள்விகளுக்கு ஆவணங்களே விடை பகர வேண்டும். அந்த ஆவணங்கள் எங்கே உள்ளன? அவற்றைப் பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு?

இக்கேள்வி வீண் கேள்வி அன்று. பொன்னாலையில் வெடித்த துப்பாக்கியின் ஒலி அவ்வூரோடு அடங்கிவிடவில்லை. அதன்பின் அரசியற் கொலைகள் குடாநாட்டு வாழ்வின் ஒரு கூறாகவே ஆகிவிட்டன. 1998ஆம் ஆண்டு மே மாதத்தில் மாநகர முதல்வர் சரோஜினி யோகேஸ்வரனும், அதே ஆண்டு செப்டெம்பரில் அவருக்குப் பின் அப்பதவியை ஏற்ற பொன். சிவபாலனும் கொல்லப்பட்டனர். ஒரே நகரத்தின் முதல்வர் ஆசனத்தில் இருந்த மூவர் இவ்வாறு மாண்டனர் என்பது வரலாற்று மாணவன் எளிதிற் கடந்து செல்லத்தக்க செய்தி அன்று.

நாட்டின் தலைமை அமைச்சர் கொலையுண்டால் அரசாங்கமே ஏடுகளைத் திரட்டிவிடும். 1959ஆம் ஆண்டு செப்டெம்பரில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க சுடப்பட்டு இறந்தபோது வழக்கு நடைபெற்றது. பின்னர் ஆணைக்குழு ஒன்றும் அமைந்தது. அதன் அறிக்கை 1965இல் அச்சேறி வெளிவந்தது. யாழ்ப்பாணத்து நிகழ்ச்சிகளுக்கோ அத்தகைய பேறு வாய்த்தது அரிது. 1974ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள், நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிப் பொதுக்கூட்டத்தில் பொலிசார் புகுந்ததை அடுத்து ஒன்பது பேர் உயிரிழந்தனர். அரசாங்கம் விசாரணைக்கு இசையவில்லை. எனவே குடிமக்களே ஓய்வுபெற்ற நீதியரசர் டி கிறெட்சர், ஓய்வுபெற்ற நீதியரசர் மாணிக்கவாசகர், பேராயர் சபாபதி குலேந்திரன் ஆகிய மூவரைக் கொண்டு ஒரு விசாரணைக் குழுவை அமைத்துச் சாட்சியங்களைப் பதிவு செய்தனர். அந்த நாளின் துயரத்துக்கு மாநகர முதல்வரும் பொறுப்பாளி என்ற பேச்சே துரையப்பா மீது மூண்ட வெறுப்புக்கு எண்ணெய் வார்த்தது. அப்பேச்சைச் சோதித்துப் பார்க்க விரும்புவோன் அரசாங்கக் கோப்பை மட்டும் நம்பியிருத்தல் இயலாது. குடிமக்கள் தாமே திரட்டிய ஏட்டையும் நாட வேண்டியிருக்கிறது. தனியார் ஆவணத்தின் பெருமையை உணர்த்த இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அத்தகைய ஏடுகள் இருந்திருக்கவேண்டிய இடம் யாழ்ப்பாணப் பொது நூலகம். அதன் எழில் மிகு கட்டடத்தை 1959ஆம் ஆண்டு திறந்துவைத்தவர் அதே துரையப்பாவே என்பது ஊழின் விளையாட்டுப் போலும். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் தொடங்கிய வன்செயலின்போது அந்நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின. ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் அதே நாட்களில் எரிந்தது. கொல்லப்பட்டவரின் கதையைச் சொல்லக்கூடிய அன்றாடப் பத்திரிகைத் தொகுதிகள் இவ்வாறு பொது இடங்களில் அழிந்தொழிந்தன.

பொதுச் சொத்து எரிந்தபின் எஞ்சியது தனியார் சேமிப்பே. வீட்டு அலுமாரியில், தகரப் பெட்டியில், பரணின் மேல் கிடந்த தாள்களே வரலாற்றின் விதைநெல் ஆயின. குரும்பசிட்டியைச் சேர்ந்த இரா. கனகரத்தினம் பத்திரிகை நறுக்குகளையும் ஆவணங்களையும் தம் சொந்த முயற்சியாற் பல்லாண்டுகள் தொகுத்து வந்தார். அவற்றை நுண்படச் சுருள்களிற் பதிவு செய்யவும் முனைந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் சிலர் மனித உரிமைகளுக்கான அமைப்பு ஒன்றை நிறுவி, எத்தரப்பினர் செய்த கொலையாயினும் அதனை விசாரித்து எழுதினர். அவர்களுள் ஒருவரான உடற்கூற்றியல் துறைத் தலைவி ராஜினி திரணகம 1989ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள் திருநெல்வேலியில், சைக்கிளில் வீடு திரும்பும் வழியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைகளின் உண்மையைத் தேடியவரே கொலையுண்டார். அவரும் தோழர் மூவரும் எழுதிய 'முறிந்த பனை' 1990இல் நூலாக வெளிவந்தது. எஞ்சியவர்கள் தலைமறைவாக இருந்தும் அறிக்கைகளைத் தொடர்ந்து வெளியிட்டனர். ஆனால் சாட்சி சொன்னவர்களின் பெயர்களை அவர்கள் வெளியிடவில்லை. வெளியிட்டிருந்தால் அடுத்த கொலைக்கு அதுவே வழிகாட்டியாகியிருக்கும்.

இங்கேதான் சிக்கல் பிறக்கின்றது. தனியார் சேமித்த ஆவணத்தை மக்கள் அனைவருக்கும் திறந்துவிடுதல் நலமா? பூட்டிவைத்தல் நலமா?

அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றை இங்கு ஒப்புநோக்கலாம். 1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் அதிபர் ஜோன் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அரசாங்க ஆணைக்குழுவின் முடிவை ஏற்காதவர்களுள் ஹரோல்ட் வைஸ்பேர்க் என்பவர் ஒருவர். மேரிலாந்து மாநிலத்தின் சிற்றூர்ப்புறத்திற் கோழிப்பண்ணை நடத்தியவர். அவர் அரசாங்கத்தின் மீது வழக்குமேல் வழக்குத் தொடுத்துப் பெருந்தொகையான ஏடுகளைப் பெற்றார். அவ்வழக்குகளுள் ஒன்று, 1974ஆம் ஆண்டு தகவல் அறியும் சட்டம் திருத்தப்படுவதற்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. பெற்றவற்றைத் தம் உடைமை என்று அவர் பூட்டிவைக்கவில்லை. தம் கருத்துக்கு மாறானவர்களையும் தம் வீட்டுக்குள் அனுமதித்து, வேண்டிய தாள்களைப் படியெடுக்க விட்டார். 2002இல் அவர் மறைந்தபின் அச்சேமிப்பு அவ்வூர்க் கல்லூரியான ஹூட் கல்லூரியைச் சேர்ந்தது. இன்று எவரும் அதனைப் படிக்கலாம்.

அவர் அவ்வாறு செய்ததன் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆவணத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு முடிவை மட்டும் ஊருக்கு உரைப்பவன் தன்னை நம்பும்படி கேட்கின்றான். ஆவணத்தையும் உடன் வைப்பவன் தன்னைச் சோதிக்கும்படி அழைக்கின்றான். முன்னதிற் பிறப்பது பக்தி. பின்னதிற் பிறப்பதே அறிவு. அரசியற் கொலைபற்றிய பேச்சிலே பக்தி மிகுந்தால் 'துரோகி' என்ற ஒரு சொல்லே தீர்ப்பாகிவிடும். யாழ்ப்பாணம் அச்சொல்லுக்குக் கொடுத்த விலை கொஞ்சமன்று.

சட்டம் இதற்கு உதவுமா? இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொது அதிகார சபைகளின் கோப்புகளைக் கோரும் உரிமையைக் குடிமக்களுக்கு அளித்தது. ஆயின், ஒரு தனி மனிதர் தம் வீட்டில் வைத்திருக்கும் பெட்டியை அச்சட்டம் திறவாது. அங்கே திறவுகோல் அவருடைய மனச்சாட்சி ஒன்றே. ஆகவே வற்புறுத்தலாற் பயனில்லை. வழக்கமும் நம்பிக்கையும் உருவாதல் வேண்டும்.

அவ்வழக்கத்திற்கு மூன்று வரம்புகள் போதுமானவை. முதலாவது, உயிரோடிருக்கும் சாட்சிகளின் பெயரும் அடையாளமும் அவர்களின் இசைவின்றி வெளிவருதல் ஆகாது. அதற்கென ஒரு கால எல்லை வகுத்து, அதுவரை அத்தாள்களை மட்டும் முத்திரையிட்டு வைக்கலாம். இரண்டாவது, எஞ்சியவற்றைப் பார்க்க வருபவர் எக்கட்சியினர், எக்கருத்தினர் என்று வினவுதல் ஆகாது. கொன்றவரின் சார்பினருக்கும் கொல்லப்பட்டவரின் உறவினருக்கும் கதவு ஒரே அளவிற் திறத்தல் வேண்டும். மூன்றாவது, சேகரித்தவர் மறைந்தபின் அவர் தொகுதி சிதறாமல் ஒரு நிறுவனத்தைச் சேர வேண்டும். பெரியவர் ஒருவர் கண்மூடிய மறுமாதம் வீட்டைத் துப்புரவு செய்வோர் பழந்தாள் என்று எரித்துவிட்ட செல்வங்கள் எத்தனையோ! நூலகத்தை எரித்த தீ ஊரறிந்த தீ. வீட்டு முற்றத்தில் எரியும் இத்தீயை எவரும் அறிவதில்லை.

நம்பிக்கை தரும் அறிகுறிகளும் உள்ளன. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் ஒளிவருடி, எவ்விடத்திலிருப்பவரும் கட்டணமின்றிப் படிக்கச் செய்திருக்கின்றது. ஓரிடத்தில் உள்ளதை எரிக்கலாம். ஆயிரம் இடங்களில் உள்ளதை எரித்தல் அரிது. தம் பெட்டியைத் திறக்கத் தயங்கும் முதியவருக்கு இதனைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை.

துரையப்பாவின் பெயரால் யாழ்ப்பாணத்தில் ஒரு விளையாட்டரங்கு உண்டு. அங்கே பந்தாடும் சிறுவன் ஒருநாள் அப்பெயருக்குரியவர் யார், ஏன் கொல்லப்பட்டார் என்று கேட்பான். அவனுக்கு ஒரு தரப்பின் புகழுரையையோ மறு தரப்பின் வசையையோ விடையாகக் கொடுத்தல் எளிது. தாள்களை அவன் முன் பரப்பி, நீயே படித்து முடிவு செய் என்று சொல்லக்கூடிய சமுதாயமே கொலையின் நிழலிலிருந்து வெளியேறிய சமுதாயமாகும்.