காங்கிரீட் அளவு மதிப்பீடு

காங்கிரீட் அளவு மதிப்பீடு என்பது, ஒரு கட்டிடத்தின் அடித்தளம், தூண், உத்திரம், கூரைத்தளம் ஆகியவற்றுக்கு வேண்டிய காங்கிரீட்டின் கன அளவை வரைபடத்தைக் கொண்டு முன்கூட்டியே கணிப்பதாகும். நீளம், அகலம், தடிமன் ஆகியவற்றின் பெருக்கற்பலனே கன அளவு. உள்ளே அமையும் கம்பிகளின் கன அளவு பொதுவாகக் கழிக்கப்படுவதில்லை. தளத்துடன் சேர்ந்த உத்திரத்தைத் தளத்தின் அடிமட்டத்திலிருந்தே அளத்தல் வேண்டும். இல்லையேல் ஒரே பகுதி இருமுறை கணக்கில் சேர்ந்துவிடும்.

6 மீ நீளமும் 4 மீ அகலமும் 125 மிமீ தடிமனும் கொண்ட தளத்துக்கு 3 கன மீட்டர் காங்கிரீட் தேவை. ஆயினும் 3 கன மீட்டர் பொருள்கள் போதா. ஜல்லியின் இடைவெளிகளில் மணலும், மணலின் இடைவெளிகளில் சிமெண்டும் புகுந்துவிடுவதால், உலர்ந்த பொருள்களின் மொத்த அளவு ஏறத்தாழ 1.54 மடங்காகக் கொள்ளப்படுகிறது. இதன்படி 1:1.5:3 விகிதக் கலவைக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டைகள் 25, மணல் 1.26 கன மீட்டர், ஜல்லி 2.52 கன மீட்டர் வேண்டும். சேதாரத்துக்கென 5% வரை கூட்டுவது வழக்கம்.

ஈர மணல் உப்பிக் கூடுதல் இடத்தை அடைப்பதால், லாரியில் அளந்து வாங்கும் மணல் உண்மையில் குறைவாகவே இருக்கும். தளம் போடும்போது பொருள் பாதியில் தீர்ந்தால், இறுகிய பகுதியுடன் புதிய காங்கிரீட் சரியாகப் பிணைவதில்லை; பின்னர் அந்த இணைப்பின் வழியே மழைநீர் கசியும்.