வெளிநாட்டுத் தோட்டத்தில் வாலன்டியர்... ஃப்ளைட் ஏறும் முன் திருச்சி இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

ரீல்ஸில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். பாலியிலோ கோஸ்டா ரிகாவிலோ தென்னை மரத்தடியில் ஒருத்தர் கூடையோடு நிற்பார். 'காலையில நாலு மணி நேரம் தோட்ட வேலை, அப்புறம் பீச். சாப்பாடு, தங்குற இடம் ரெண்டும் ஃப்ரீ' என்பார். கொள்ளிடக் கரையில் வாழைத்தோப்புகளைப் பார்த்தே வளர்ந்த ஸ்ரீரங்கத்துப் பையனுக்கு 'அட, எங்க தாத்தா தினமும் பண்ணுன வேலைதானே இது' என்று தோன்றும். அடுத்து, 'நாமும் கிளம்பினால் என்ன?' என்றும் தோன்றும்.

தாராளமாகக் கிளம்பலாம். ஆனால், அந்த ரீல்ஸில் வராத விஷயங்கள் சில இருக்கின்றன.

எங்கே ஆரம்பித்தது?

1971-ல் லண்டனில் செக்ரட்டரியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த சூ கோப்பார்டு என்ற பெண், வார இறுதியில் கிராமத்துக்காற்று வேண்டும் என்று ஏங்கினார். சசெக்ஸில் எமர்சன் கல்லூரியின் பண்ணைக்கு அவரோடு சேர்த்து நாலு பேர் போனார்கள். வேலை செய்தார்கள், சாப்பிட்டார்கள், தங்கினார்கள். அதுதான் இன்று நூற்றுக்கும் அதிகமான நாடுகளில் இருக்கும் 'வூஃப்'. இந்தியாவிலும் உண்டு. பெரும்பாலான நாடுகளில் தனித்தனி அமைப்பு, தனித்தனி உறுப்பினர் கட்டணம். தவிர 'ஒர்க்அவே', 'வேர்ல்டுபேக்கர்ஸ்' போன்ற தளங்களும் இருக்கின்றன. அவற்றில் பண்ணையோடு ஹாஸ்டல், ஹோம்ஸ்டே எல்லாம் கலந்திருக்கும். வழக்கமான ஒப்பந்தம் என்னவென்றால், நாளுக்கு நாலு முதல் ஆறு மணி நேர உழைப்பு, பதிலுக்குச் சாப்பாடும் படுக்கையும். காசு கைமாறாது.

காசு கைமாறாததால் இது 'வேலை' இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம் பாருங்கள், சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

'சம்பளமே வாங்கலையே சார்!'

திருச்சியிலிருந்து கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. 2024-ல் புது டெர்மினலும் வந்துவிட்டது. 2023 கடைசியில் மலேசியாவும் தாய்லாந்தும் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் கதவைத் திறந்தன. ஆனால், அது சுற்றிப் பார்க்கக் கொடுத்த அனுமதி. மண்வெட்டி பிடிக்கக் கொடுத்தது இல்லை.

தாய்லாந்தில் சம்பளமில்லாத வாலன்டியர் வேலைக்கும் ஒர்க் பர்மிட் வேண்டும். இலங்கையின் சுற்றுலா அனுமதியில் வேலை செய்யக் கூடாது. சம்பளத்துக்கு என்றாலும் சரி, சும்மா என்றாலும் சரி. நியூசிலாந்தில் இலவசச் சாப்பாடும் இடமுமே ஊதியமாகக் கணக்காகும். வேலை செய்ய அனுமதிக்கும் விசா இல்லாமல் வூஃப் செய்ய முடியாது. பிரிட்டன் கொஞ்சம் இளகிய மனசு. விசிட்டர் விசாவில் 30 நாள் வரை வாலன்டியர் வேலை செய்யலாம். அதுவும் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்கு மட்டும்தான், யாரோ ஒருவருடைய தோட்டத்துக்கு இல்லை.

'எங்ககிட்ட எல்லாரும் டூரிஸ்ட் விசாலதான் வர்றாங்க, ஒண்ணும் ஆகாது' என்று பண்ணைக்காரர் மெசேஜ் அனுப்பலாம். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், இமிக்ரேஷன் கவுன்ட்டரில் நிற்கப்போவது அவர் இல்லை, நீங்கள். அங்கிருந்து திருப்பி அனுப்பினால் அந்தப் பதிவு உங்கள் பேரில்தான் இருக்கும். நாளைக்கு மேல்படிப்புக்கோ வேலைக்கோ விசா கேட்கும்போது 'இதுக்கு முன்னாடி எந்த நாடாவது உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கா?' என்ற கேள்விக்கு பதில் எழுத வேண்டிவரும். நம்ம பாஸ்போர்ட்டுக்கு ஏற்கெனவே கேள்விகள் அதிகம். புதிதாக ஒன்றை நாமே சேர்க்க வேண்டாம். அந்தந்த நாட்டுக் குடிவரவுத் துறை இணையதளத்தில் 'வாலன்டியர்' பற்றி என்ன இருக்கிறது என்று படியுங்கள். புரியாவிட்டால் தூதரகத்துக்கு மெயில் போட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முறையான வழி கேட்டால், ஆஸ்திரேலியாவின் 'ஒர்க் அண்ட் ஹாலிடே' விசா ஒன்று இருக்கிறது. 18 முதல் 30 வயதுக்காரர்களுக்கானது. 2024-லிருந்து இந்தியர்களுக்கும் திறந்திருக்கிறது. ஆண்டுக்கு 1,000 இடம், குலுக்கல் முறை. கிடைத்தால் சட்டப்படி சம்பளத்துக்கே பண்ணையில் வேலை பார்க்கலாம்.

டிக்கெட் அவங்களே போடுறாங்களா? நில்லுங்க!

வாலன்டியர் முறையில் டிக்கெட் செலவு உங்களுடையது. பண்ணைக்காரர் டிக்கெட் போட மாட்டார். நடுவில் ஏஜென்ட்டும் இருக்க மாட்டார். 'ஃபார்ம் ஸ்டே கூட்டிட்டுப் போறோம், கூடவே டேட்டா என்ட்ரி வேலை, டாலர்ல சம்பளம்' என்று யாராவது டெலிகிராமில் ஆசை காட்டினால், அது தோட்டத்துக்குப் போகிற வழி இல்லை. 2022-ல் தாய்லாந்து வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் ஆன்லைன் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீண்டது நினைவிருக்கும். வேலைக்கென்றே போவதாக இருந்தால், ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்த்துவிடலாம். எந்தத் தோட்டமானாலும் உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்குக் கிடையாது.

பண்ணையைத் தேர்ந்தெடுக்கும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை நாள் லீவு, தனி அறையா பொது அறையா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், போனில் சிக்னல் இருக்குமா? பெண்கள், முன்பு அங்கே தங்கிய பெண்களிடமே பேசிவிடுவது நல்லது. கூலியாள் ஒருத்தர்கூட இல்லாமல் முழுக்க வாலன்டியர்களை வைத்தே வியாபாரம் நடக்கிறது என்றால் அந்த இடத்தைத் தவிர்த்துவிடலாம். அது கற்றுக்கொள்ளும் இடம் இல்லை, உள்ளூர்க்காரரின் கூலியை மிச்சம்பிடிக்கும் இடம்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது உடலுழைப்பில் ஏற்படும் காயத்துக்கு கவர் உண்டா என்று பாருங்கள். பல டிராவல் பாலிசிகளில் இருக்காது. டி.டி ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். பிரேசில், கொலம்பியா, உகாண்டா போன்ற நாடுகளுக்குப் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் நம் ஊர் விமான நிலையத்திலேயே பிடித்துத் தனிமைப்படுத்திவிடுவார்கள்.

முதல்ல உள்ளூர்ல ஒரு வாரம்

இதற்கு விசா வேண்டாம், பஸ் டிக்கெட் போதும். ஜீயபுரம், தொட்டியம், லால்குடி என்று காவிரியின் இரண்டு பக்கமும் வாழைதான். தெரிந்தவர் தோப்பு ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரு வாரம் போய் நில்லுங்கள். பக்கக்கன்று எடுப்பது, சருகு அறுப்பது, மண் அணைப்பது, தார் விட்ட மரம் காற்றில் சாயாமல் முட்டுக் கொடுப்பது... மூன்றாவது நாள் முதுகு பேச ஆரம்பிக்கும். வாழைக்கறை சட்டையை விட்டுப் போகாது என்பதும் தெரியவரும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், அது உண்மையான ஆசை. இந்த வேலை தெரிந்த ஒருவரை எந்த வெப்பமண்டலப் பண்ணையும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும். பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, மொந்தன் என்று ரகம் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் இன்னும் மரியாதை.

இயற்கை விவசாயம் பழக வேண்டுமென்றால், கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் நம்மாழ்வார் உருவாக்கிய 'வானகம்' இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் ஒடுகம்பட்டியில் 'குடும்பம்' அமைப்பின் கொழிஞ்சிப் பண்ணை இருக்கிறது. வெளிநாட்டு வாலன்டியர்களோடு சேர்ந்து வாழ்ந்து பார்க்க ஆரோவில் பக்கம் 2003-ல் தொடங்கிய 'சாதனா ஃபாரஸ்ட்' நல்ல ஒத்திகை. அங்கே சாப்பாடு முழுக்க வீகன். டிகாக்‌ஷனும் கறந்த பாலும் இல்லாமல் பொழுது விடியாத ஸ்ரீரங்கவாசிகள் மனசைத் தயார்படுத்திக்கொண்டு போகவும்! எங்கே போனாலும் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

திரும்பி வரும்போது ஷூவைப் பாருங்க

நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் முக்கியம். வாழையைத் தாக்கும் வாடல் நோய்க் கிருமியில் 'டி.ஆர்.4' என்றொரு ரகம் இருக்கிறது. மண்ணில் வாழும் பூஞ்சை. தென்கிழக்கு ஆசியாவில் பெருகி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2015-லும், கொலம்பியாவில் 2019-லும் கால்வைத்தது. வாலன்டியர்கள் விரும்பிப் போகும் நாடுகள் பலவும் இந்தப் பட்டியலில்தான் வருகின்றன. இந்தியாவில் பீகாரில் இது இருப்பதைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவர்களில், நம்ம திருச்சியில் 1993-லிருந்து இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகளும் உண்டு. ஒரு நிலத்தில் புகுந்துவிட்டால் பல பத்தாண்டுகள் மண்ணிலேயே கிடக்கும். மருந்தடித்து ஒழிக்க வழியில்லை.

அது பரவ ஒரு கைப்பிடி மண் போதும். பூட்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் சேறு, துடைக்காத அரிவாள், 'அப்பா தோட்டத்துல நட்டுப் பார்க்கலாமே' என்று துண்டில் சுற்றி எடுத்துவந்த ஒரு கன்று என எதிலும் வரலாம். அனுமதி இல்லாமல் கன்று, கிழங்கு, மண் எதையும் கொண்டுவருவது சட்டப்படியும் தவறு.

அதனால் தோட்டத்தில் போட்ட பூட்ஸையும் கையுறையையும் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால், அடிப்பள்ளத்தில் இருக்கும் மண்ணை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து, தனிப் பையில் கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த பூட்ஸ் பரணுக்குப் போகட்டும். தோப்புக்குள் போக பழைய ரப்பர் செருப்பு இருக்கவே இருக்கிறது.